வீணையின் மெட்டும் கணக்கின் பிசகும்

தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் வேலையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் செய்து, யாளி முகம் பொருத்தி, கம்பிகளைப் பூட்டிய பிறகுதான் அது தொடங்கும். தண்டியின் மேல் கருமெழுகை நீளக் கட்டி, அதில் 24 உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பெயர். பதிப்பவர் கையில் அளவுகோல் இருக்காது. மெட்டை வைப்பார், கம்பியை மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், மெட்டை ஒரு நூல் அளவு நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். சில மெட்டுகளில் இது வெகுநேரம் நடக்கும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு மீட்டர் அளவுகோலைக் கொடுத்தால் அந்த 24 மெட்டுகளின் இடங்களையும் கணக்கிட்டுக் குறிக்க உங்களால் முடியுமா? முடியும். விகிதமும் பெருக்குத் தொடரும் தெரிந்தால் போதும். ஆனால் குறித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் கணக்கு உங்களைக் கைவிடும். உங்கள் பெருக்கலில் வந்த பிழையாக அது இருக்காது. எண்களின் இயல்பிலேயே உள்ள ஒரு பிசகு அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இசைவாணர்களையும் கணித அறிஞர்களையும் அலைக்கழித்த அந்தப் பிசகை நேரில் கண்டுவிடுவோம், வாருங்கள்.

முதலில் கம்பியின் விதி. இழுவிசையும் கம்பியின் பருமனும் மாறாதிருந்தால், அதிர்வெண் கம்பியின் நீளத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். நீளம் மாறாதிருந்தால் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் இவ்விதிகளைக் காணலாம்.

இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. கிரேக்க அறிஞர் பிதாகரஸ் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து சென்றபோது சம்மட்டிகள் இனிய சுரங்களாக ஒலித்தனவாம். அவற்றை நிறுத்துப் பார்த்து, அதே எடைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு இசையின் விகிதங்களைக் கண்டாராம். எடை இரு மடங்கானால் மேல் சட்சமம் கேட்டதாகக் கதை சொல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் நூலுக்கு நூல் இதைப் பிரதி எடுத்தார்கள். ஒருவரும் கம்பியில் எடையைக் கட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எடையை இரட்டித்தால் அதிர்வெண் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414 மடங்குதானே ஆகும்? அது மேல் சட்சமம் அன்று. ஏறத்தாழ பிரதி மத்திமம்! மேல் சட்சமம் வேண்டுமானால் எடை நான்கு மடங்காக வேண்டும். இதைச் சோதித்துச் சொன்னவர் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த வின்சென்ஸோ கலிலி என்ற இசைவாணர். புகழ்பெற்ற கலிலியோவின் தந்தை இவரே.

எடையைப் பற்றிய கதைதான் பொய். நீளத்தைப் பற்றிய விகிதங்கள் மெய். அவற்றைக் கொண்டு நம் மெட்டுகளை இப்போது வைப்போம்.

கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, மேருவிலிருந்து குதிரை வரை கம்பியின் நீளம் 90 செ.மீ. என்றும், முழுக் கம்பி வினாடிக்கு 240 முறை அதிர்கிறது என்றும் கொள்வோம். இது நம் சட்சமம். மேல் சட்சமத்துக்கு அதிர்வெண் 2 மடங்கு. ஆகவே அதிரும் நீளம் 45 செ.மீ. பஞ்சமம் சட்சமத்தைப் போல் 3/2 மடங்கு. நீளம் 60 செ.மீ. சுத்த மத்திமம் 4/3 மடங்கு, 67.5 செ.மீ. அந்தர காந்தாரம் 5/4 மடங்கு, 72 செ.மீ. சதுச்ருதி ரிஷபம் 9/8, 80 செ.மீ. சதுச்ருதி தைவதம் 5/3, 54 செ.மீ. காகலி நிஷாதம் 15/8, 48 செ.மீ. இவற்றை வரிசைப்படுத்தி வாசித்தால் சங்கராபரணத்தின் ஆரோகணம் வந்துவிடும். 90, 80, 72, 67.5, 60, 54, 48, 45. எவ்வளவு அழகான எண்கள்!

சிறிய எண்களாலான விகிதங்கள் மட்டும் செவிக்கு ஏன் இனிக்க வேண்டும்? கம்பி ஒன்றை மீட்டும்போது அடிப்படை அதிர்வு மட்டும் எழுவதில்லை. அதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. 240 அதிரும் சட்சமக் கம்பியில் 480, 720, 960, 1200 ஆகியவையும் உண்டு. 360 அதிரும் பஞ்சமத்தில் 720, 1080 ஆகியவை உண்டு. இரண்டுக்கும் பொதுவாக 720 இருக்கிறது அல்லவா? இரண்டும் அந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன. மெட்டு சற்றே விலகி, பஞ்சமம் 361 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரட்டிப்பு 722. சட்சமத்தின் 720-உடன் அது மோதும். வினாடிக்கு 2 விம்மல்கள் கேட்கும்.

பட்டறையில் தலையைச் சாய்த்துக் கேட்கிறாரே, அவர் கேட்பது இந்த விம்மலைத்தான். அதன் நுட்பத்தை அளந்து பாருங்கள். பஞ்சம மெட்டு அரை மில்லிமீட்டர் விலகினால் அதிர்வெண் 360-இல் சுமார் 0.3 மாறும். இரட்டிப்பில் 0.6. ஏறக்குறைய 1.7 வினாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும். பொறுமையாகக் கேட்கும் எவருக்கும் இது புலப்படும். உங்கள் அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு ஒரு மில்லிமீட்டர். அவர் செவி அதில் பாதியை அளக்கிறது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு முறை சுரமானிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றி, கம்பியில் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும் வரை கத்திமுனையை நகர்த்த வேண்டும். மாணவன் ஒருவன் காகிதத்தை வைக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு கத்திமுனையை நகர்த்திக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று கடிந்துகொண்டேன். பிறகு நானே காகிதத்தை வைத்தேன். கவையை ஊன்றிய மறுகணமே அது பறந்தது. அவன் வீட்டில் வீணை கற்றுவந்தவன். அன்றுமுதல் எந்த வகுப்பிலும், காகிதத்தை வைக்குமுன் காதை வையுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இனிப் பிசகுக்கு வருவோம்.

மெட்டுகளை வைக்க வேறொரு வழியும் உண்டு. சட்சமத்திலிருந்து பஞ்சமத்தை அடைந்தோம். அந்தப் பஞ்சமத்தையே சட்சமமாக எண்ணி அதன் பஞ்சமத்தை எடுங்கள். 3/2-ஐ 3/2-ஆல் பெருக்க 9/4. இது மேல் ஸ்தாயியில் இருப்பதால் பாதியாக்கினால் 9/8. அதாவது சதுச்ருதி ரிஷபம். பழந்தமிழர் பஞ்சமத்தை இளி என்றனர். இளியிலிருந்து அதன் இளிக்குச் செல்லும் இந்த முறையைச் சிலப்பதிகார உரைகளும் அறியும். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக வரைந்து, அவற்றில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலையைப் பற்றித் தமிழாசிரியரைக் கேளுங்கள்.

அடுத்த அடி. ரிஷபத்தின் பஞ்சமம் 9/8 × 3/2 = 27/16. இது சதுச்ருதி தைவதம். நில்லுங்கள்! தைவதத்துக்குச் சற்றுமுன் 5/3 என்று எழுதினோமே? 5/3 என்பது 1.6667, 27/16 என்பது 1.6875. முன்பு மெட்டை 54 செ.மீ.-இல் வைத்தோம். இப்போது கணக்கு 53.33 செ.மீ. என்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய 7 மி.மீ. அரை மில்லிமீட்டரைக் கேட்கும் செவிக்கு 7 மி.மீ. என்பது பெரும் பள்ளம். இரண்டில் எது தைவதம்?

பதில் சொல்லாமல் மேலே நடப்போம். இப்படிப் பன்னிரண்டு அடி வைத்தால் பன்னிரண்டு சுரத்தானங்களையும் தொட்டுவிட்டுச் சட்சமத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் 7 ஸ்தாயிகள் ஏறியிருப்போம். திரும்புகிறோமா? 3/2-ஐ 12 முறை பெருக்கினால் 129.746. 2-ஐ 7 முறை பெருக்கினால் 128. வட்டம் மூடவில்லை! நம் கம்பியில், மேல் சட்சமம் 45 செ.மீ.-இல் இருக்க வேண்டியது 44.4 செ.மீ.-க்கு வந்து நிற்கிறது. 6 மி.மீ. மிஞ்சுகிறது.

இன்னும் சில அடிகள் நடந்தால் மூடிவிடாதா? ஒருபோதும் மூடாது. இதை நிறுவ உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. வட்டம் மூட வேண்டுமானால், 3-ஐ எத்தனையோ முறை பெருக்கி வரும் எண்ணும் 2-ஐ எத்தனையோ முறை பெருக்கி வரும் எண்ணும் சமமாக வேண்டும். பன்னிரண்டு அடிகளுக்கு 3-இன் 12-ஆம் அடுக்கு 531441. அதற்கு ஈடாக வேண்டிய 2-இன் 19-ஆம் அடுக்கு 524288. முன்னது ஒற்றைப்படை, பின்னது இரட்டைப்படை. 3-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படையே வரும். 2-ஐப் பெருக்கினால் இரட்டைப்படையே வரும். ஆகவே ஆயிரம் அடி நடந்தாலும், கோடி அடி நடந்தாலும் சமமாகா. நெருங்கி வரும், அவ்வளவுதான். 53 அடிகளில் மிக நெருங்கி வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்சமமும் பஞ்சமமும் இசைக்கு இரு தூண்கள். அந்த இரண்டும் ஒரே அளவுகோலில் அடங்க மறுக்கின்றன. இனி என்ன செய்வது?

ஒரு வழி, மிஞ்சிய பிசகைப் பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்க வேண்டும். எந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும்? மடக்கை அட்டவணையை எடுங்கள். 2-இன் மடக்கை 0.3010, அதை 12-ஆல் வகுத்தால் 0.02508, எதிர்மடக்கை 1.0595. சீன நாட்டு இளவரசர் சூ ஸாய்யூ என்பவர் இந்த எண்ணைக் கணக்கிட்டு 1584-இல் வெளியிட்டார். மடக்கைகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே! கையால் மூலம் எடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி மெட்டு வைப்பது குழந்தை விளையாட்டு. 90-ஐ 1.0595-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். 84.95, 80.18, 75.68, 71.43, 67.42, 63.64, 60.07, 56.70, 53.51, 50.51, 47.68, 45. அடுத்த பன்னிரண்டு மெட்டுகளுக்கு இவற்றையே பாதியாக்கிக்கொள்ளலாம். முதல் மெட்டுக்கும் மேருவுக்கும் இடைவெளி சுமார் 5 செ.மீ.; கடைசி இரு மெட்டுகளின் இடைவெளி 1.3 செ.மீ. செவிக்கு இரண்டும் ஒரே அளவு ஏற்றம். வீணையின் மெட்டுகள் குடத்தை நெருங்க நெருங்கச் செறிவது ஏன் என்பது விளங்கிற்றா? பெருக்குத் தொடரைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் பங்கிட்டதற்கு விலை கொடுத்தாக வேண்டும். பஞ்சமம் 60-க்குப் பதில் 60.07. பாதகமில்லை, சட்சமத்தோடு ஒலித்தால் வினாடிக்கு 0.8 விம்மல். காந்தாரத்தைப் பாருங்கள். 72-க்குப் பதில் 71.43. அதிர்வெண் 300-க்குப் பதில் 302.4. சட்சமத்தின் 5 மடங்கு 1200. இந்தக் காந்தாரத்தின் 4 மடங்கு 1209.5. வினாடிக்கு ஒன்பதரை விம்மல்! அது விம்மலாகக்கூடக் கேட்காது. ஒரு கரகரப்பாகக் கேட்கும். பியானோவிலும் ஹார்மோனியத்திலும் இந்தச் சமப் பங்கீடே வழக்கம். அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. கமகம் வராது என்பது மற்றொன்று. 1970-களில்தான் அந்தத் தடை தளர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கோடு மல்லுக்கு நின்ற ஒருவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தஞ்சையில் சித்த மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர். ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்ற பழைய கொள்கையை அவர் ஏற்கவில்லை. பன்னிரண்டு இராசிகளின் வட்டம் முழுமையாக மூட வேண்டும். அதற்குச் சம விகிதப் பிரிவே வழி. ஒவ்வொன்றையும் இரண்டாக்கினால் 24 சுருதிகள் என்றார். அதாவது 24 முறை பெருக்கினால் 2 வரும் எண், 1.0293. பரோடாவில் 1916-இல் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். அவருடைய மகளிர் அங்கே இசைத்தும் காட்டினர். மறு ஆண்டு வெளிவந்த அவரது 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில் பக்கம் பக்கமாக எண்கள் நிறைந்திருக்கின்றன.

அவர் சொன்னது சரியா? உங்களிடமே கருவிகள் இருக்கின்றன, தீர்ப்பு கூறலாம். சம அடிகளால் வட்டம் மூட வேண்டுமென்றால் 3/2-ஐச் சிறிது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இதில் பண்டிதரின் கணக்கை அசைக்க முடியாது. ஆனால் வட்டம் மூடியே தீர வேண்டுமா என்பது கணக்கு தீர்மானிக்கும் கேள்வி அன்று. பின்னணியில் தம்புரா ஒலிக்கும்போது, என் செவி 5/4 காந்தாரத்தையே நாடுகிறது. அதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு.

கம்பியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்துக்குக் கணு அமைகிறதோ அந்த மேற்சுரம் எழாது என்பது பாடநூல் விதி. நடுவில் மீட்டினால் 2, 4, 6 மடங்குகள் எழக் கூடாது. வீணையும் தம்புராவும் இந்த விதியை மீறுகின்றன என்று சர் சி.வி. இராமன் 1921-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். ஒளிச்சிதறல் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பு அவர் பல ஆண்டுகள் இசைக்கருவிகளோடுதான் வாழ்ந்தார். மீறலுக்குக் காரணம் குதிரையின் வளைந்த மேற்பரப்பு. வயலினில் உள்ளது போல் கம்பி ஒரு கூர்விளிம்பில் நிற்காமல், வளைந்த தளத்தை ஒவ்வோர் அதிர்விலும் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அதனால் எழக் கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன. தம்புராவில் கம்பிக்கடியில் செருகும் நூலை 'ஜீவா' என்பார்கள். அந்தத் தொடுகையைச் சீராக்குவதே அதன் வேலை.

இவ்வாறு மேற்சுரங்கள் செழித்த தம்புராவில், சட்சமக் கம்பியின் 5 மடங்கு அதிர்வு தனியாகவே காதில் விழும். அது அந்தர காந்தாரம். மீட்டாமலே தோன்றுவதால் சுயம்பு காந்தாரம் என்பார்கள். கம்பியே துல்லியமான 5/4-ஐப் பாடிக்கொண்டிருக்கையில் பாடகர் வேறொன்றைப் பிடித்தால் உறுத்தாதா?

அப்படியானால் மெட்டு வைப்பவர் தைவதத்தை எங்கே வைக்கிறார்? 54-இலா, 53.33-இலா, 53.51-இலா? மெழுகில் ஓரிடம்தானே உண்டு! நான் பார்த்தவரை, நடுவழியில் எங்கோ வைத்துவிட்டு வாசிப்பவர் கையில் விட்டுவிடுகிறார். வீணையில் அதற்கு வசதி இருக்கிறது. மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடிச் சுரம் உயரும். ஒரு சுரத்தானம் உயர அதிர்வெண் 1.0595 மடங்காக வேண்டும்; இழுவிசை அதன் வர்க்கம், அதாவது 1.1225 மடங்கு. 12 சதவீதம் கூடுதல் விசை போதும். விரல் அதை எளிதில் தரும். மெட்டு தரும் சுரம் சிறிது தாழ்ந்திருந்தால் விரல் சரிசெய்துவிடும். உயர்ந்திருந்தால் விரலால் ஒன்றும் செய்ய முடியாது. வெறுமனே அழுத்தினாலும் கம்பி சற்று நீண்டு இழுவிசை கூடும் என்பதால், நம் அளவுகோல் கணக்கைவிட உண்மை மெட்டுகள் சிறிது தள்ளியே இருக்கும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்துச் சுரமானியில் ஒரே மாதிரியான இரண்டு கம்பிகளைப் பூட்டுங்கள். கத்திமுனைகளை நகர்த்தி இரண்டின் நீளத்தையும் 90 செ.மீ. ஆக்கி, விம்மல் முற்றிலும் மறையும் வரை ஒன்றின் எடையை மாற்றுங்கள். பிறகு ஒரு கம்பியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை 72 செ.மீ.-க்குக் குறைத்து இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். அடுத்து 71.4-க்கு நகர்த்துங்கள். அதற்கடுத்து, பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாக நான்கு அடி நடந்தால் கிடைக்கும் 71.1-க்கு. மூன்றும் காந்தாரமே. அளவுகோலை ஒரு துணியால் மூடிவிட்டு, நண்பரை நகர்த்தச் சொல்லி, உங்கள் செவி எதில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு துணியை விலக்கிப் பாருங்கள்.